பாட்டுக்குக் கீழே இருந்த சத்தம்

போன மாதம், நான் வேலை பார்த்த வீடியோத் திட்டத்திலிருந்து வாசுகி எங்கள் வீட்டுக்கு வந்து தன் புதுப் போனைக் காட்டினாள். அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால், பேசுகிறவரின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு காற்று, வண்டி, காக்கை, தண்ணீர் என்று மற்ற எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிடுகிறது. வாசலில் நின்று அவள் பேசியதைப் பதிவு செய்து எனக்குப் போட்டுக் காட்டினாள். எங்கள் தெருவே காணாமல் போயிருந்தது.

"இனிமே உங்க ஒரு நிமிஷமெல்லாம் தேவையில்லன்னு புதுசா வந்த பசங்க சொல்றாங்கண்ணே. நான் சொன்னா எடுபடல. நீங்க எழுதிக் குடுங்க, நம்ம ஆண்டு மலர்ல போடுறேன்" என்றாள்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவன் என்று நினைவுபடுத்தினேன்.

"அஞ்சாம் வகுப்புக்குள்ளயே எழுதக் கத்துக் குடுத்துருப்பாங்களே" என்று சொல்லிவிட்டு, என் மனைவி போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன். பேசச் சொல்லியிருந்தால் கண்டிப்பாக மாட்டேன் என்றிருப்பேன்.

நான் வேலை தொடங்கியது தஞ்சாவூரில் ஒரு வீடியோ கடையில். கல்யாணங்களுக்கு லைட் பிடிக்கும் வேலை. எனக்கு மனிதர்கள் முன்னால் நிற்பது சின்ன வயதிலிருந்தே ஆகாது. யாராவது பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். லைட் பிடிக்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பவனை யாரும் பார்க்க முடியாது. மண்டபத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேறு பக்கம்தான் பார்ப்பார்கள். பிறகு கேமராவும் பிடித்தேன். எத்தனையோ வருடம் அப்படிப் போயிற்று.

கல்யாண வீடியோவில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் சத்தத்தை வைத்துக்கொள்ள மாட்டோம். கெட்டிமேளம் மட்டும் கொஞ்சம் வைப்போம். மற்றதெல்லாம் பாட்டு. பெண்ணின் அப்பா அழுவார், அதன்மேல் ஒரு பாட்டு. பந்தியில் சம்பந்திகள் சாம்பாருக்குச் சண்டை போடுவார்கள், அதன்மேல் ஒரு பாட்டு. வாய் அசையும், குரல் கேட்காது. வீட்டுக்காரர்களும் அப்படித்தான் கேட்பார்கள். அதில் ஏதோ இழப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு எங்கள் கடை மெலிந்தது. எங்கள் கடையில் எடிட்டிங் செய்துகொண்டிருந்த சேகர், ஒரு தொண்டு நிறுவனத்தின் இளைஞர் திட்டத்தில் சேர்ந்துவிட்டு என்னையும் கூப்பிட்டான். டெல்டா கிராமங்களில் இருக்கும் பையன்களும் பெண்களும் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர் விஷயத்தை நாலைந்து நிமிட வீடியோவாக எடுத்து ஊரிலேயே திரை கட்டிக் காட்டுவதுதான் திட்டம். அதை நடத்தியவர் அமலா மேடம். என்ன தெரியும் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எதைக் குடுத்தாலும் நல்லாப் புடிப்பாரு மேடம். அசையவே மாட்டாரு" என்றான் சேகர்.

அந்தத் தகுதியில் எனக்கு மைக் கிடைத்தது. நீளமான கம்பின் முனையில் மைக், அதன்மேல் காற்று அடிக்காமலிருக்க முடி வைத்த உறை. பிள்ளைகள் அதைப் பூனை என்பார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்து சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதில் ஒன்றுதான் எனக்கு ஒட்டியது: கை அசைந்தால் கம்பு பேசும், நீங்கள் பேசாமல் இருந்தால் போதாது, கம்பும் பேசக் கூடாது. முதல்முறை ஹெட்போன் மாட்டியபோது பக்கத்துக் கட்டடத்தில் யாரோ தட்டு கழுவுவது என் காதுக்குள் நடந்தது. கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். பிறகு கழற்ற மனமில்லை.

அமலா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன உருவம். ஸ்கூட்டரில் வருவார். வந்து இறங்கிய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டு அதோடு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் கதை சொல்லி முடித்தால், "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அவர்கள் இன்னும் யோசித்து இன்னும் சொல்வார்கள். மறுபடி "அப்புறம்?" அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, இரண்டாம் தடவை வரும்போதே பிள்ளைகள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டு வருவார்கள்.

அவரிடம் இரண்டு விஷயம் மட்டும் மாறாது. ஒன்று, எந்த இடத்தில் படம் எடுத்தாலும், எடுத்து முடிந்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். அந்த இடத்தின் சத்தத்தை நான் சும்மா பதிவு செய்வேன். நான் கையைத் தூக்கினால் நிமிடம் தொடங்கும், இறக்கினால் முடியும். நடுவில் யார் இருமினாலும் முதலிலிருந்து. எடிட்டிங்கில் வெட்டு ஒட்டு தெரியாமலிருக்க அது உதவும் என்பார்கள். ஆனால் மேடம் அதை அதற்காக மட்டும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஆபீசில் அந்த நிமிடங்களைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது எந்த ஊரு?" என்று எங்களிடம் விளையாட்டாகக் கேட்பார்.

இரண்டாவது, படத்தில் முகம் காட்டியவருக்குத்தான் முதல் காட்சி. ஊருக்குக் காட்டும் முன்பு, படத்தில் பேசிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் போட்டுக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

"ஏன்னு கேக்கக் கூடாது. எந்த இடம்னு மட்டும் கேளுங்க" என்பார் மேடம்.

முதல் வீடியோ திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வாலிபால் டீம் பற்றியது. அறுத்த வயலில் கோடு போட்டு ஆடும் பெண்கள். சேகர் அதை எடிட் செய்துவிட்டு எங்களைக் கூப்பிட்டான். பந்து மேலே போகிறது, திரை முழுக்க ரோஜா இதழ் கொட்டுகிறது. ஒரு பெண் குதித்து அடிக்கிறாள், அவள் முகம் இதய வடிவத்துக்குள் போய் நிற்கிறது. மேலே ஒரு காதல் பாட்டு. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போட்டிருக்கிறது. டீம் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டன் பெண், "அண்ணே, மாப்பிள்ளை மட்டும்தான் குறையுது" என்றாள். சேகருக்கு முகம் சிவந்துவிட்டது.

மேடம் சிரிக்கவில்லை. "சேகர், பந்து அடிக்கிற சத்தம் எங்க?" என்று கேட்டார்.

"இருக்கு மேடம். பாட்டுக்குக் கீழ இருக்கு."

"கொஞ்சம் பாட்டை எடுங்களேன்."

எடுத்தான். பந்து கையில் படும் சத்தம், வெறுங்கால் மண்ணில் தேயும் சத்தம், "எனக்கு, எனக்கு, விடு" என்ற கத்தல். அந்தப் பெண்களே சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்று முதல் ரோஜா போயிற்று. பாட்டு மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. பிள்ளைகளுக்கே பாட்டு வேண்டியிருந்தது. அது அவர்கள் படம், அவர்கள் இஷ்டம் என்று மேடமும் விட்டுவிடுவார்.

இனி வாசுகியின் படம்.

நன்னிலம் தாலுகாவில் ஒரு வாய்க்கால். ஊர்ப் பெயர்களை எழுதவில்லை. இப்போது இரண்டு ஊரும் நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். வாய்க்காலில் ஐந்து மதகு. முதல் மூன்றும் மேலே உள்ள ஊருக்கு, மேலூர் என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டும் வாய்க்கால் முடிகிற கடைமடையில் உள்ள வாசுகியின் ஊருக்கு. அவள் அப்பா கூலி வேலையிலிருந்து மேலே வந்து, குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவர். இரண்டு வருடமாகத் தண்ணீர் சரியாக வந்து சேராமல் பயிர் போயிற்று. அந்த வருடமும் சம்பா நாற்று விட்டிருந்தார். முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், ஆனாலும் கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. இந்த நாற்றும் போனால் குத்தகையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வாசுகி அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். திருப்பூர் என்றால் அவளுக்கும் பனியன் கம்பெனிதான்.

தண்ணீர் எங்கே போகிறது என்பதில் அவள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மேலே உள்ள ஊரில் இரண்டாவது மதகுக்காரர் கோவிந்தராசு கொரம்பு போட்டிருந்தார். கொரம்பு என்றால் வாய்க்காலுக்குக் குறுக்கே கழியும் வைக்கோலும் மண்மூட்டையும் வைத்து அடைப்பது. தண்ணீர் மட்டம் உயர்ந்து அவர் மதகில் ஏறும். வருடாவருடம் கடைமடை ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் சண்டை போட்டுவிட்டு வருவார்கள். வாசுகி சண்டைக்குப் பதிலாகப் படம் எடுப்பதாகச் சொன்னாள். வாய்க்கால் தொடங்கும் தலைப்பிலிருந்து கடைமடை வரை ஒரே நாளில் நடந்து, ஒவ்வொரு மதகிலும் ஆட்களைப் பேசவைத்து எடுப்பது. படத்துக்கு அவள் வைத்த பெயர், 'தண்ணியக் குடிச்சது யாரு'. நன்னிலத்தில் ஒரு மண்டபத்தில் எல்லா ஊர் முன்னாலும் போட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு. கோவிந்தராசு அந்தக் கூட்டத்தில் தலை குனிய வேண்டும், அதுதான் அவள் எண்ணம். ஒளிக்காமல் எங்களிடமே சொன்னாள்.

கேமரா பிடித்தவன் அவள் சித்தப்பா மகன் அருள். அவனும் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணம் எடுத்துப் பழகியவன். அந்தப் பழக்கம் என்ன செய்தது என்று பிறகுதான் தெரிந்தது. நாள் முழுக்க அவன் எடுத்ததெல்லாம் முகம். கோவிந்தராசு முகம், ஆடு மேய்த்த ஆயா முகம், வாசுகி முகம், மீசை, மூக்குத்தி, வியர்வை. வாய்க்காலைப் பற்றிய படத்தில் வாய்க்கால் தண்ணீர் எங்குமே சரியாக விழவில்லை. நான் மதகுகளில் பிடித்த நிமிடங்களில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது.

இரண்டாவது மதகில் அந்த ஒரு நிமிடம் கிடைக்கப் பெரும்பாடு. கோவிந்தராசு ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசுகிற மனிதர். கேள்வி கேட்டதும் மடையாகத் திறந்துகொண்டார். பேட்டி முடிந்து நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில், "இப்ப என்ன புடிக்கிறாரு?" என்றார். கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். "ஒண்ணுமே பேசலையே, இதுல என்ன இருக்கு?" என்றார். மூன்றாம் முறை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். நான் கையை இறக்கியதும் துண்டை எடுத்து, "பேசலாமா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "இவரு ஊமையா?" என்று வாசுகியைக் கேட்டார். அவள் கரையில் முன்னால் நடக்கத் தொடங்கினாள். அவரோடு பேட்டிக்கு மேல் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று இருந்தாள்.

மூன்றாவது மதகுக்கு அப்பால் கரையில் நடக்க முடியவில்லை. காட்டாமணக்கு ஆள் உயரம் மண்டியிருந்தது. முன்பு வயலாக இருந்த இடத்தில் பிளாட் போட்டுக் கல் நட்டிருந்தார்கள். புதிதாகப் போட்ட ரோட்டில் ஏறி நடந்து, நாலாவது மதகில் இறங்கி மறுபடி வேலையைத் தொடங்கினோம். எல்லோரும் அப்படித்தான் போவார்கள் என்றாள் வாசுகி.

சேகர் எடிட் செய்தான். வாசுகி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோவிந்தராசு பேசியது நீளமாக இருந்தது. "ஆமா, கொரம்பு போட்டுருக்கேன்" என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினார்கள். நடக்கும் காட்சிகள் மேல் உருக்கமாக ஒரு வயலின் பாட்டு. கடைசியில் வெடித்த நாற்றங்காலில் அவள் அப்பாவின் முகம். பார்த்தால் அழுகை வரும். மேடம் முழுவதும் பார்த்தார். "கோவிந்தராசு ஐயாவுக்கு எப்பக் காட்டப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வாசுகி முகம் மாறியது. "அவரு பாத்தா வேணாம்பாரு மேடம். வேணாம்னா நான் எடுக்கணும். அப்புறம் படமே இல்லியே. எங்க நாத்து காயுது மேடம்."

மேடம் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "தெரியும்மா. போய்க் காட்டிட்டு வா" என்றார்.

மறுநாள் காலை என் வண்டியில் அவளும் நானும் போனோம். கோவிந்தராசு மாட்டுக் கொட்டகை ஓரத்தில் உர மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மூட்டை மேலேயே லேப்டாப்பை வைத்து, சின்ன ஸ்பீக்கரை மாட்டினேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவரும் நின்றார். படம் ஓடியது. கோவிந்தராசு முகம் திரை முழுக்க வந்தது. "ஆமா, கொரம்பு போட்டுருக்கேன்." வெட்டு. வயலின்.

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படம் முடியும் வரை அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. பிறகு கேட்டார், வழக்கமான குரலில்கூட இல்லை, மெதுவாக:

"நான் சொன்னதுல மீதி எங்க பாப்பா?"

"நேரம் பத்தலைங்கய்யா" என்றாள் வாசுகி.

"எங்கப்பாரு காலத்துலேந்து கொரம்பு போடுறோம். போடலன்னா மேட்டு மதகுல ஏறாது. அதுக்கு மேல வழியிறதெல்லாம் உங்களுக்குத்தான் வருதுன்னும் சொன்னேன். அதெல்லாம் எங்க?"

அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேணாம். எடுத்துரு."

ஏன் என்று கேட்க வாசுகி வாயெடுத்தாள். ஆனாலும் மேடம் சொன்னபடி கேட்டாள். "எந்த இடம்ங்கய்யா?"

"முழுசும்."

அவ்வளவுதான், படம் முடிந்தது. அவள் லேப்டாப்பை மூடினாள். கண்ணீரை அவருக்குக் காட்டாமல் என் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு யாருக்கும் சமாதானம் சொல்லத் தெரியாது. அந்த மனிதர் மீதி எங்கே என்று கேட்டார். மீதி என் பையில் இருந்தது. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ரெக்கார்டரை எடுத்து ஹெட்போனை அவரிடம் நீட்டினேன்.

"மீதி இதுல இருக்குங்க" என்றேன்.

"ஊமை இல்லையா நீ?" என்று கேட்டுக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

அவர் பேசியது முழுவதையும் ஓடவிட்டேன். தன் குரலைத் தானே கேட்டுத் தலையை ஆட்டினார். முகத்தில் கடுப்பு கொஞ்சம் இறங்கியது. பேட்டி முடிந்தது. ரெக்கார்டரை நிறுத்தக் கை கொண்டுபோனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அடுத்ததாக இரண்டாவது மதகின் ஒரு நிமிடம் ஓடியது.

ஹெட்போன் மாட்டியவர்கள் கத்திப் பேசுவார்கள். கோவிந்தராசு ஏற்கெனவே கத்திப் பேசுகிறவர். கட்டியிருந்த மாடுகள் எல்லாம் எழுந்துவிட்டன.

"ஏய், இது நம்ம கொரம்புப்பா. மேல வழியுது பாரு. கிழக்கு ஓரம் கொஞ்சம் சரிஞ்சிருக்கு, அந்தச் சத்தந்தான் இது."

அடுத்தது மூன்றாவது மதகு. தண்ணீர் சுவரில் மோதித் திரும்பும் சத்தம். "இது தங்கையன் மதகு. நல்லாப் போவுதே." வாசுகியைப் பார்த்து, "கேளு, கேளு, இதத்தான் நான் சொன்னேன்" என்றார். அவள் தலை நிமிர்ந்தாள்.

அடுத்தது நாலாவது. அவர் காத்திருந்தார். ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார்.

"நின்னு போச்சு."

"நிக்கலைங்க, ஓடுது" என்றேன்.

"எங்க ஓடுது? ஒரு தட்டான் பறக்குறது கேக்குது. தண்ணி இல்லியே."

"அதுதான் நாலாவது மதகுங்க."

அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு, "மூணாவத மறுபடி போடு" என்றார். போட்டேன். "நாலாவது." போட்டேன். இன்னொரு தடவை இரண்டையும் போடச் சொன்னார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கணக்குச் சரியாக வராத மனிதரின் முகம். ஹெட்போனைக் கழற்றி வாசுகியின் காதில் அவரே வைத்தார். கொரம்பையே நினைத்துக்கொண்டு நடந்தவள், இரண்டையும் இப்போதுதான் அடுத்தடுத்துக் கேட்டாள். மூன்றாவது. நாலாவது.

"ஒரே நாள்லதான புடிச்சீங்க?"

"ஒரே நாள்தாங்கய்யா. நடந்துகிட்டே புடிச்சோம்" என்றாள்.

"அப்ப என் கொரம்பைத் தாண்டி, தங்கையன் மதகையும் தாண்டித் தண்ணி போயிருக்கு. நாலாவதுக்கு வரல. நடுவுல யாரு பாப்பா வயலு?"

"வயலே இல்லைங்கய்யா. பிளாட்டு போட்டுட்டாங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் வண்டியைப் பார்த்தார்கள்.

காட்டாமணக்கை வெட்டிக்கொண்டு அவர்தான் முதலில் உள்ளே இறங்கினார். பாதி தூரத்திலேயே எனக்குக் கேட்டுவிட்டது. மைக் தேவைப்படவில்லை. புதருக்குள் ஒரு பழைய சின்ன மதகு. பிளாட் போடும் முன்பு அந்த வயல்களுக்குப் பாய்ந்தது. வயல் போன பிறகு அதைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் இல்லை. பலகை உளுத்துப்போய் விழுந்திருந்தது. வாய்க்கால் தண்ணீர் தடையில்லாமல் அதற்குள் நுழைந்து, பிளாட்டுகளுக்குப் பின்னால் வடிகாலில் விழுந்து, யாருக்கும் உதவாமல் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. சண்டைக்குப் போன கடைமடைக்காரர்கள் எல்லோரும் ரோட்டில் வண்டியில் போனவர்கள். மேலூர்க்காரர்கள் தங்கள் மூன்றாவது மதகைத் தாண்டி வந்ததே இல்லை. நடுவில் இருந்த துண்டுக் கரை யாருடைய கரையும் இல்லை.

கோவிந்தராசு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்த ஓட்டையைக் காட்டினார். "தண்ணியக் குடிச்சது யாருன்னு கேட்டியே பாப்பா. இந்தா, வந்து பாத்துக்க."

வாசுகி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். "படத்துல உங்களத் தப்பாப் போட்டுட்டேங்கய்யா" என்றாள்.

"அத அப்புறம் பேசிக்கலாம். உங்க ஆளுகள வரச் சொல்லு. நான் சாக்குக் கொண்டாறேன்."

அவருடைய உரச் சாக்குகள்தான் மணல் மூட்டைகளாயின. மேலூர் ஆட்களும் கடைமடை ஆட்களும் ஒரே வரிசையில் நின்று மூட்டை கை மாற்றினார்கள். சும்மா இல்லை, ஒருவரை ஒருவர் வம்பு பேசிக்கொண்டேதான். "ரெண்டு வருசமா எங்கள ஏசுனீங்களே, அந்த வாயில இந்த மூட்டையப் புடிங்க" என்று மேலூர்க்காரர் ஒருவர் சொல்ல, "குடுங்க, அப்படியே உங்க கொரம்பையும் பிரிச்சுக் குடுங்க" என்றார் வாசுகியின் அப்பா. எல்லோரும் கோவிந்தராசுவைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க நாத்து நனையட்டும். அதுக்கப்புறம் கட்டிக்கிறேன்" என்றார்.

பிரித்தார்கள். தண்ணீருக்கு முன்னால் ஓடி வந்து நாங்கள் கடைசி மதகில் நின்றோம். இரண்டு ஊர்க் கூட்டமும் கரையில். முதலில் நுரையும் சருகும் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. வாசுகியின் அப்பா மதகுப் பலகையைத் தூக்கினார். அது அவர் வயலுக்குள் இறங்கியது. அருள் கேமராவைத் தூக்கிக்கொண்டு பழக்கத்தில் அவர் முகத்துக்கு நேரே போனான். வாசுகி அவன் கழுத்தைப் பிடித்துத் தண்ணீரின் பக்கம் திருப்பினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருங்க. அண்ணன் சத்தம் புடிக்கணும்" என்றாள். நான் கையைத் தூக்கினேன்.

சேகர் படத்தை மறுபடி எடிட் செய்தான். வயலினை யாரும் சொல்லாமலே எடுத்துவிட்டான். கோவிந்தராசு பேசியது முழுவதும் உள்ளே வந்தது. புதுப் படத்தின் முதல் காட்சிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, "இன்னும் கொஞ்சம் பெருசாப் போட முடியாதா?" என்று கேட்டார். மோர் கொடுத்த அம்மா இந்தத் தடவை கடைசி வரை நின்று பார்த்தார்.

நன்னிலம் மண்டபத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. முதல் மதகு, இரண்டாவது, மூன்றாவது என்று ஸ்பீக்கரில் தண்ணீர் இரைந்தது. நாலாவது மதகு வந்ததும் மண்டபமே அமைதியானது. மைக் செட்காரர் ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்து மேடைக்கு ஓடினார். "ஓடாதய்யா, அது எங்க மதகு" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் சொன்னதும் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்த வருடம் அவர்கள் நாற்று நட்டார்கள், அறுத்தார்கள். குத்தகையை விடவில்லை. வாசுகி படிப்பை முடித்தாள். இன்று அமலா மேடம் இருந்த நாற்காலியில் இருந்து திட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். அந்த ஆளில்லாத மதகை இரண்டு ஊரும் சேர்ந்து சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு வருடமும் தண்ணீர் வரும்போது இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் தலைப்பிலிருந்து கடைமடை வரை சேர்ந்து நடக்கிறார்கள். ரோட்டில் இல்லை, கரையில். கொரம்பு எப்போது கட்டுவது, எப்போது பிரிப்பது என்பதையும் அந்த நடையிலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள். வழி முழுக்கக் கோவிந்தராசு குரல்தான் கேட்கும் என்று வாசுகி சொல்வாள்.

போன வருடம் என் இடது காது மந்தமாகிவிட்டது. ஒரு காதோடு இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று நானாகவே நின்றுகொண்டேன். பூனையையும் கம்பையும் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். புதுப் பிள்ளைகள் அந்தப் பொத்தானைத் தாராளமாகத் தொடட்டும். தொடுவதற்கு முன்னால் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத் தொட்டால் போதும்.

மண்டபத்தில் அன்று படம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் முகம் எதுவும் இல்லை. மதகில் தண்ணீர் இறங்குகிறது. அந்த ஒரு நிமிடத்தைச் சேகர் வெட்டாமல் முழுதாக வைத்திருந்தான். தண்ணீர் சத்தம் மட்டும். அத்தனை பேர் கரையில் நிற்கிறார்கள் என்பதே தெரியவில்லை. நிமிடம் முடிகிற இடத்தில் ஒரு குரல், எல்லோருக்கும் தெரிந்த குரல், ஆனால் அவ்வளவு மெதுவாக அதை யாரும் கேட்டதில்லை.

"இப்ப பேசலாமா?"

"பேசலாங்க" என்றது இன்னொரு குரல்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தனை வருடம் நான் எடுத்த, பிடித்த, சுமந்த எந்தப் படத்திலும் இல்லாத குரல் அது. என்னுடையது.